கொடைக்கானல் யூனிட்

ஜலாலுதீன் பாயின் ஸ்வெட்டர் கடைக்கும் என் சாக்லேட் கடைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவர் அந்தப் பக்கம் ஆணி அடித்தால் இந்தப் பக்கம் என் அலமாரியில் காரை உதிரும். இருபது வருடத்துக்கு மேலாக அவர் தும்மினால் எனக்குக் கேட்கும். அதனால் அவரைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இருக்கிறது. பஸ் ஸ்டாண்டு வட்டாரத்தில் எனக்குக் கோபக்காரன் என்று பெயர். இதை எழுதும்போதும் கோபமாகத்தான் இருக்கிறேன்.

பாய் வியாபாரத்துக்கு லாயக்கில்லாத வியாபாரி. கீழே வெயிலில் இருந்து அரைக்கை சட்டையோடு மேலே வந்து நடுங்குகிற கூட்டத்திடம் நாங்கள் எல்லாரும் ஒன்றுக்கு ஒன்றரையாக விலை சொல்வோம். இவர் குல்லா இல்லாமல் அழுகிற குழந்தையைப் பார்த்தால் ஒன்றை எடுத்துத் தலையில் மாட்டி அனுப்பிவிடுவார். "பாய், நீங்க யாவாரம் பண்றீங்களா, ஜகாத் குடுக்குறீங்களா?" என்று கேட்பேன். "ரெண்டும் ஒரே கல்லாதான கதிரு" என்பார். அவர் மனைவி சாஹிராவுக்கு மட்டும் இந்தப் பதில் பிடிக்காது.

அவருடைய தம்பி சஜ்ஜாத் பட்டாளத்தில் இருந்தவன். காஷ்மீர்ப் பக்கம் பனிச்சரிவில் புதைந்து போனான். கல்யாணம்கூட ஆகவில்லை. அவன் உடல் மலையேறி வந்த நாளில் நல்ல மழை. எங்கள் ஊரின் முன்னாள் பட்டாளத்துக்காரர்கள், பாதிப் பேருக்கு முட்டி மடங்காது, தொப்பி போட்டுக்கொண்டு செண்பகனூர் வளைவில் நனைந்தபடி வரிசையாக நின்றார்கள். கபரஸ்தான் வரைக்கும் நடந்தே வந்தார்கள். ஜலாலுதீன் பாய் அன்றைக்கு அவர்களுக்கு அடிமைப்பட்டவர்தான். "என் தம்பிக்காக மழையில நின்னவங்க" என்று சொல்வார். அதற்கு மேல் அவருக்குக் காரணம் எதுவும் தேவைப்படவில்லை.

அவர்கள் நடத்துவது மலை முன்னாள் படைவீரர் உதவிச் சங்கம். பணியில் இறந்தவன் குடும்பத்தில் ஒருவர் உறுப்பினராகச் சேரலாம் என்று விதி. முதலில் அம்மா அமீருன்னிசா பெயரைப் போட்டார்கள். அடுத்த வருடமே அந்த அம்மாவும் போய்ச் சேர்ந்ததும் பாய் நூற்றுப் பதினாலாம் நம்பர் உறுப்பினர் ஆனார். பட்டாளத்துக்காரர்கள் நடத்துகிற சங்கம் என்பதால் அங்கே எல்லாவற்றுக்கும் பட்டாளத்துப் பெயர். கொடைக்கானலில் ஒரு கிளை, மேல்மலைக் கிராமமான போளூரில் ஒரு கிளை. ஆனால் கிளை என்று சொல்ல அவர்களுக்கு நாக்கு வராது. கொடைக்கானல் யூனிட், போளூர் யூனிட். சந்தா வாங்கப் போனால் டூட்டி. டீ குடிக்கிற இடம் மெஸ். நான் கேலி செய்வேன். பாய் சிரித்துக்கொண்டே, "நம்ம யூனிட்ல அப்படித்தான் கதிரு" என்பார். அவர் வாயிலும் அந்தப் பாஷை ஒட்டிக்கொண்டது.

அவருடைய டூட்டி ஜீப் ஓட்டுவது. மதுரையில் முன்னாள் ராணுவத்தினருக்கென்று ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், புதன்கிழமை வெள்ளனே, கிழவர்களையும் விதவைகளையும் தன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கீழே இறங்குவார். வளைவுகளில் வாந்தி எடுப்பவர்களுக்குப் பை, மூத்திரம் அடக்க முடியாதவர்களுக்கு பாட்டில், வத்தலக்குண்டில் எல்லாருக்கும் மோர். டீசல் போடக்கூட யாரிடமும் வாங்கியதில்லை. அதிலும் அட்டுவம்பட்டி செல்லப்பாண்டி என்று ஒரு பெரியவர், சர்க்கரை வியாதியில் கால்விரல்களை எடுத்துவிட்டார்கள். புண் ஆறவே மாட்டேன் என்கிறது. அவரை வீட்டுப் படியிலிருந்து ஜீப்புக்கும், ஜீப்பிலிருந்து ஆஸ்பத்திரி நாற்காலிக்கும் பாய்தான் தூக்கிக்கொண்டு போவார். பாய் ஒன்றும் பயில்வான் இல்லை. என் தோள் உயரம், அவ்வளவுதான். கிழவர் பெற்ற மகன்கள் இரண்டு பேர் திருப்பூரில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுதினால் எனக்கு ரத்தக் கொதிப்பு வரும்.

போன வருடம் வரைக்கும் சங்கத்து ஆண்டு விழாவில் உழைத்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். செயலாளர் பழனிக்குமார், சுபேதாராக ஓய்வு பெற்றவர், அவருக்கு அது பிடிக்கவில்லை. "பொன்னாடை மறுநாளே ஜன்னல் திரையாயிருது" என்றார். அது உண்மைதான். அதனால் மதுரையில் ஆர்டர் கொடுத்து பேட்ஜ் அடித்துக்கொண்டு வந்தார். வட்டமான பித்தளை, நடுவில் இரண்டு வாள், மேலே கோடு கோடாகப் பட்டு ரிப்பன். கீழே இங்கிலீஷில் 'ட்வென்டி இயர்ஸ் சர்வீஸ்'. சங்கத்துக்கு இருபது வருடம் சேவை செய்தவர் என்று அர்த்தம். பத்து வருடக்காரர்களுக்கு வேறு ரிப்பன். பார்க்க அசல் மெடல் மாதிரியே இருந்தது. அப்படி இருக்க வேண்டும் என்றுதான் பழனிக்குமாரும் ஆசைப்பட்டிருப்பார்.

அதை வாங்கிக்கொண்டு பாய் நேராக என் கடைக்கு வந்தார். மகள் ஸைமா குத்திவிட்டிருந்தாளாம். "கதிரு, நேரா இருக்கா பாரு." நான் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. அத்தனை வருடத்தில் அந்த மனிதருக்கு யாரும் ஒரு நன்றிகூடச் சொல்லி நான் கேட்டதில்லை. "கலெக்டர் கணக்கா இருக்கீங்க பாய்" என்றேன். வெட்கப்பட்டுச் சிரித்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

டிசம்பரில் படைவீரர் நிதிக்கான கொடிநாள் வந்தது. பேட்ஜ் வாங்கியவர்கள் எல்லாரும் கோட்டுப் போட்டு, பேட்ஜ் குத்திக்கொண்டு, உண்டியலோடு ஏரிக்கரையில் நிற்க வேண்டும் என்று பழனிக்குமார் சொல்லியிருந்தார். பாய் தன் கடையிலேயே ஒரு கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு படகுத்துறைப் பக்கம் நின்றார். அங்கேதான் அது நடந்தது. நான் அங்கே இல்லை. ஊரில் எல்லாரையும் போல நானும் போனில்தான் பார்த்தேன்.

சுற்றுலா வந்த ஓர் ஆள். நிமிர்ந்த முதுகு, முறுக்கிய மீசை. அவரும் ஓய்வு பெற்ற பட்டாளத்துக்காரராம். பாயின் நெஞ்சில் இருந்ததை உற்றுப் பார்க்கிறார். இன்னொருத்தன் போனில் படம் எடுக்கிறான்.

"சர்வீஸ் எத்தனை வருஷம்?"

"இருபது வருஷம் முடிஞ்சிருச்சுங்க சார்."

"எந்த யூனிட்?"

"கொடைக்கானல் யூனிட்டுங்க."

சுற்றி நின்றவர்களில் யாரோ சிரிக்கிறார்கள். பாயும் கூடவே சிரிக்கிறார், மரியாதைக்கு.

"நம்பர் சொல்லுங்க."

"நூத்திப் பதினாலுங்க."

"கடைசியா எங்க டூட்டி?"

"மதுரைங்க சார். போன புதன்கிழமை."

"ரேங்க் என்ன?"

அந்த இடத்தில்தான் பாய்க்குப் புரிகிறது. முகம் மாறுவது படத்தில் நன்றாகத் தெரிகிறது. கையில் இருந்த உண்டியலைக் கீழே வைப்பதா வேண்டாமா என்று தடுமாறுகிறார். "சார், நான் பட்டாளத்துல இல்லைங்க" என்கிறார். அதோடு வீடியோ முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு சங்கத்தைப் பற்றியும் ஜீப்பைப் பற்றியும் அவர் எவ்வளவோ சொல்லியிருக்கிறார். படம் எடுத்தவனுக்கு அது தேவைப்படவில்லை.

அவர் சொன்னதில் ஒரு பதிலாவது பொய்யா? ஒவ்வொன்றும் சத்தியம். ஆனால் பட்டாளத்துக்காரன் காதில் சர்வீஸ் என்றால் துப்பாக்கி பிடித்த வருடங்கள். பாய் காதில் சர்வீஸ் என்றால் கிழவர்களைத் தூக்கிய வருடங்கள். அந்த ஒரு வார்த்தைக்குள் ஒரு மனுஷனின் மானம் போய்விட்டது.

'போலி ராணுவ வீரர் உண்டியலோடு சிக்கினார்' என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் மலை முழுக்க, ராத்திரிக்குள் நாடு முழுக்கப் போய்விட்டது. கையில் உண்டியல் இருந்ததால் காசு திருடன் என்றும் ஆயிற்று. அவர் பெயர் என்னவென்று யாரோ கீழே எழுதியதும் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. அதையெல்லாம் நான் இங்கே எழுத மாட்டேன். எழுதியவர்கள் வீட்டில் அவரவர் தாய் தகப்பன் படிக்கட்டும்.

ஜீப் ஸ்டாண்டுப் பையன்கள் அவருக்கு 'யூனிட் பாய்' என்று பெயர் வைத்தார்கள். கடைக்கு வெளியே நின்று சல்யூட் அடித்துவிட்டு ஓடுவார்கள். ஒருத்தனைப் பிடித்து நான் அறைந்தேன். அதையும் எவனாவது படம் எடுத்திருந்தால் எனக்குக் கவலையில்லை. ஸைமா காலேஜுக்குப் போவதை நிறுத்தினாள். சாஹிரா போனை அணைத்து அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டார். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். இப்போது ஊர் ஒன்றா இரண்டா?

"தம்பியப் பத்திச் சொல்லுங்க பாய்" என்றேன். "சஜ்ஜாத் போட்டோவ வெச்சு நாமளும் ஒரு வீடியோ போடுவோம். எல்லாவனும் வாயப் பொத்திருவான்."

"தம்பி மௌத்தாப் போனதக் காட்டி நான் தப்பிச்சுக்கணுமா?" என்றார். அதற்கு மேல் என்னைப் பேசவிடவில்லை. "சங்கத்துல ஒரே ஒரு வார்த்த சொன்னாப் போதும் கதிரு. இவரு எங்க மெம்பரு, பேட்ஜ் நாங்க குடுத்தது. அவ்வளவுதான். வேற எதுவும் வேணாம்."

அந்த ஒரு வார்த்தைக்காக அவர் காத்திருந்தார். ஒவ்வொரு நாளும் கடையைத் திறந்ததும் ரோட்டைத்தான் பார்ப்பார். சங்கத்திலிருந்து யாரும் வரவில்லை. கடைசியில் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு அவராகவே போனார். துணைக்கு நானும் போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

பழனிக்குமார் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். "பாய், மேலிடத்துல இருந்து கேக்குறாங்க" என்று தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார். "மெடல் மாதிரி ரிப்பன் வெச்சு பேட்ஜ் அடிச்சதே தப்பாம். நாங்கதான் குடுத்தோம்னு சொன்னா சங்கத்தையே இழுத்து மூடிருவாங்க. அப்புறம் விதவைங்களுக்குப் போற உதவி? நீங்களே சொல்லுங்க."

பாய் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நீங்களும் ரைட் சைடுல குத்தியிருக்கணும். குடும்பத்து ஆளுங்க ரைட் சைடுலதான் குத்துறது. லெப்ட் சைடுன்னா சோல்ஜர்."

"எல்லாரும் இடப் பக்கந்தான குத்தியிருந்தாங்க, சுபேதார் சார்?"

"நாங்க பட்டாளத்துக்காரங்க பாய்."

அத்தனை வருடமாக 'நம்ம யூனிட்' என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அந்த 'நாங்க' என்ற சொல்லைக் கேட்டுத் தலையை ஆட்டினார். அறையில் இருபது முப்பது பேர் இருந்தார்கள். அவர் ஜீப்பில் வாந்தி எடுக்காதவர் அதில் யார்? ஒருவர் ஜன்னலைப் பார்த்தார், ஒருவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். செல்லப்பாண்டி தன் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரிக்கு முன்னால் நின்றவர்கள் என்கிறார்கள். எனக்கு வாய் துறுதுறுத்தது. பாய் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் அடங்கிக்கொண்டேன்.

"பேட்ஜ இப்போதைக்குக் குடுத்துட்டுப் போங்க. கொஞ்ச நாள் ஆறப் போடுவோம்" என்றார் பழனிக்குமார்.

பாய் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்திருந்தார். பிரித்து மேஜையில் வைத்தார். கைக்குட்டையை மடித்து எடுத்துக்கொண்டார். சங்கம் வெளியே எவனிடமும் வாயைத் திறக்கவில்லை. மற்றவர்கள் தங்கள் பேட்ஜில் இருந்த ரிப்பனை மட்டும் கழற்றிவிட்டு வைத்துக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

புதன்கிழமை வந்தது. "இனி அவிங்க பஸ்ஸுல போகட்டும் பாய். உங்களுக்கு வேற சோலி இல்லையா?" என்றேன்.

"செல்லப்பாண்டியண்ணன் காலு என்ன பாவம் பண்ணுச்சு கதிரு?" என்றார்.

நானும் மதுரையில் சரக்கு எடுக்க வேண்டியிருந்தது. சும்மா சொல்லக் கூடாது, அவரைத் தனியாக விட மனசில்லாமல்தான் போனேன். எப்போதும் நிறைய ஆள் ஏறுகிற வண்டியில் அன்றைக்கு செல்லப்பாண்டி ஒருவர்தான். மற்றவர்களுக்கு ஒருவருக்கு மகள் வீட்டு விசேஷம், ஒருவருக்குக் காய்ச்சல். போளூர் ஆட்கள் வரவே இல்லை. பாய் வழக்கம் போல எல்லாருக்கும் ஆகிற அளவு பைகளை எடுத்து வைத்திருந்தார்.

பெருமாள்மலை தாண்டியதும் செல்லப்பாண்டி முன் சீட்டிலிருந்து பாயின் தோளைத் தட்டினார். "ஏலே ஜலாலு, மனசுல ஒண்ணும் வெச்சுக்கிறாத. அன்னைக்குக் கூட்டத்துல பேச முடியல. நாங்கள்லாம் இருக்கோம்ல."

பாயின் முகத்தில் பல நாட்களுக்குப் பிறகு ஒரு தெளிவு வந்தது. "நாலு பேரு முன்னால சொல்லுங்கண்ணே. அது போதும்."

"சொல்றேன்லே. உன்னச் சொல்லாம யாரச் சொல்லப் போறேன்?" என்றார் கிழவர். எனக்கே மனசு இளகியது. வத்தலக்குண்டில் பாய் மூன்று மோர் வாங்கினார். தம்பி சஜ்ஜாத் சின்ன வயதில் மோரில் உப்புப் போதவில்லை என்று அழுத கதையைச் சொன்னார். அவன் பேச்சை அவராக எடுத்து நான் கேட்டு ரொம்பக் காலம் ஆகியிருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் நல்ல கூட்டம். பாய் வழக்கம் போல செல்லப்பாண்டியைக் கைகளில் தூக்கிக்கொண்டு போனார். கேட்டில் நின்ற காவலாளி இளவயசுக்காரன். பாயைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்கினான். பிறகு அவன் முகம் மலர்ந்தது.

"அட, கொடைக்கானல் யூனிட்!"

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள். அத்தனை பேரும் பழைய பட்டாளத்துக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள். ஒருத்தர் தன் போனை எடுத்துப் பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். காவலாளி செல்லப்பாண்டியிடம் கேட்டான்.

"ஐயா, இவரு உங்களுக்கு யாரு? உங்க சங்கத்து ஆளா?"

நான் பின்னால் நின்றிருந்தேன். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். நாலு பேர் அல்ல, நாற்பது பேர் நின்றார்கள். செல்லப்பாண்டி வரிசையைப் பார்த்தார். காவலாளியைப் பார்த்தார். பாயின் கழுத்தைச் சுற்றி இருந்த தன் கையை மெல்ல எடுத்துக்கொண்டார்.

"இல்லப்பா" என்றார். "டிரைவரு. வாடகை வண்டி."

அந்தக் கிழவரை அங்கேயே போட்டுவிட்டு வாருங்கள் பாய் என்று கத்தியிருப்பேன், பல்லைக் கடித்துக்கொண்டேன். பாய் போடவில்லை. கிழவர் கை பிடிப்பில்லாமல் தொங்கியதால், நழுவிவிடாமல் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். நாற்காலியில் உட்கார வைத்தார். சீட்டு வாங்கினார். கட்டு மாற்றும்போது வலிக்கும் என்று காலைப் பிடித்துக்கொண்டார். மருந்து வாங்கினார். எல்லாம் எப்போதும் போலத்தான்.

நான் அந்தக் கிழவரை மன்னிக்கப் பார்த்தேன். அந்தக் காலுக்கு அந்த ஆஸ்பத்திரியை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. போலி ஆளோடு வந்தவர் என்று இவரையும் சந்தேகப்பட்டுவிடுவார்களோ என்ற பயம். பயந்தவனைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? எல்லாம் சரி. ஆனாலும் மன்னிக்க முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை.

திரும்பி மலை ஏறினோம். செல்லப்பாண்டி இரண்டு தடவை "ஜலாலு" என்று ஆரம்பித்தார். பாய் வளைவைப் பார்த்து ஹாரன் அடித்தார்.

அட்டுவம்பட்டியில் வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தி, கிழவரைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் உட்கார வைத்தார். காலுக்குத் தலையணை வைத்தார். மருந்துப் பையை எட்டுகிற இடத்தில் மாட்டினார். நான் கதவருகே நின்றேன். கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் கிளம்பவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சார், வாடகை" என்றார்.

செல்லப்பாண்டிக்கு முதலில் புரியவில்லை. அத்தனை வருடமாக அண்ணே என்ற வாயிலிருந்து சார் என்று வந்ததை அவரால் நம்ப முடியவில்லை. "என்னலே ஜலாலு..."

"மதுரைக்குப் போக வர ஸ்டாண்டுல என்ன ரேட்டோ, அதக் குடுங்க சார்."

கிழவர் கண் கலங்கிவிட்டது. மெத்தைக்கு அடியில் கைவிட்டார். பென்ஷன் பணமாக இருக்க வேண்டும், அப்படியே எடுத்து நீட்டினார். பாய் எண்ணவில்லை. வாங்கிக்கொண்டு, "வர்றேங்க சார்" என்று வெளியே வந்தார்.

எனக்கே தாங்கவில்லை. கோபப்பட வேண்டிய நான், ஜீப்பில் ஏறியதும் அவர் கையைப் பிடித்தேன். "பாய், வாங்கியிருக்க வேணாம். நீங்க அப்படிப்பட்ட ஆளு இல்ல."

அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். அழுகிறார் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

"பட்டாளத்துக்காரனும் இல்லேன்னாச்சு, சங்கத்து ஆளும் இல்லேன்னாச்சு" என்றார். "இதையும் வாங்கலேன்னா, நான் யாரு கதிரு?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.